கடதாசிக் கோடிகள்: 1923ஆம் ஆண்டு ஜேர்மானியப் பணவீக்கமும் மக்கள் வாழ்வும்

சென்ற தவணையில் ஒருநாள், வரலாற்றுப் பாடவேளை முடிந்து மணி அடித்த பின்னர், மாணவன் ஒருவன் தன் பாட்டனார் சேர்த்து வைத்த முத்திரை ஏடொன்றை என்னிடம் கொணர்ந்தான். அதன் ஒரு பக்கம் முழுவதும் ஜேர்மனி நாட்டுத் தபால் முத்திரைகள் ஒட்டப்பட்டிருந்தன. 200 மார்க்கு என முதலில் அச்சிட்ட முத்திரையொன்றன்மேல் 20 இலட்சம் என்னும் பெறுமதி கரிய மையினால் மீளவும் பொறிக்கப்பட்டிருந்தது. மற்றொன்றன் பெறுமதி 5,000 கோடி மார்க்கு. "ஐயா, ஒரு கடிதம் அனுப்புவதற்கு இத்துணைப் பணம் கொடுத்தார்களா? அவர்கள் அவ்வளவு பெரிய செல்வரா?" என்று அவன் வினாவினான்.

"செல்வரல்லர், பணம் மலிந்து பொருள் அரிதாகிய காலம் அது" என்று சுருக்கமாகக் கூறினேன். அவ்விடை அவனுக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. அதன் விரிவே இக்கட்டுரை என்று கொள்க.

1923ஆம் ஆண்டைப் பற்றிக் கூறப் புகும் பாடநூல்கள், தள்ளுவண்டி நிறையப் பணம் கொண்டு சென்று பாண் வாங்கிய கதையைச் சொல்லி அமையும். அக்கதை பொய்யன்று. ஆயினும், அது கேட்போர் நகைத்து மறக்கும் கதையாகவே நின்றுவிடுகின்றது. அவ்வண்டியைத் தள்ளிச் சென்றவர் முன்னர் எந்நிலையிலிருந்தவர்? அவர் இழந்தது யாது? நாளை என்னும் ஒன்று உண்டென்று அவர் எதனைக் கொண்டு நம்பினார்? வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய வினாக்கள் இவையே.

நம்பிக்கையாகிய நாணயம்

கடதாசிப் பணம் என்பது ஒரு வாக்குறுதி. தாளுக்கு இயல்பாகப் பெறுமதி யாதும் இல்லை. அதனை ஏற்பவர், நாளை இன்னொருவரும் ஏற்பார் என்று நம்புவதனாலேயே அது பணமாகின்றது. 1914ஆம் ஆண்டுக்கு முன்னர் ஜேர்மானியருடைய மார்க்கு உலகின் உறுதிவாய்ந்த நாணயங்களுள் ஒன்றாக விளங்கிற்று. வங்கித் தாளைக் கொடுத்துப் பொன் நாணயம் பெற்றுக்கொள்ளலாம். அமெரிக்க டொலர் ஒன்றுக்கு 4.2 மார்க்கு என்பது அக்கால விலை. சிக்கனமாக வாழ்ந்து, சேமிப்பு வங்கியில் இட்டு, முதுமைக் காலத்தில் அதன் வட்டியைக்கொண்டு மானத்தோடு வாழ்தல் என்பது அந்நாட்டு நடுத்தர மக்களின் வாழ்க்கை நெறியாக இருந்தது. ஆசிரியர், எழுதுவினைஞர், மதகுரு, கைம்பெண் ஆகிய பலரும் இந்நெறியையே கைக்கொண்டனர்.

1914 ஓகஸ்ட் மாதத்திலே போர் மூண்டதும் தாளுக்குப் பொன் கொடுக்கும் கடப்பாடு சட்டத்தினால் நீக்கப்பட்டது. போர்ச் செலவுக்கு வரி விதிப்பதைவிடக் கடன் பெறுவதே எளிதென்று அரசினர் கருதினர். தோற்ற பகைவரிடம் அக்கடனை அறவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். ஒன்பது முறை போர்க்கடன் திரட்டப்பட்டது. அதன் தொகை ஏறத்தாழ 9,800 கோடி மார்க்கு. இக்கடனைக் கொடுத்தவர் பெருஞ்செல்வர் மட்டும் அல்லர். பாடசாலைகள்தோறும் ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு பொன் நாணயங்களைத் திரட்டினர். சிறுவர்களின் உண்டியற் காசும் போர்க்கடனிற் சேர்ந்தது. பொன் மணமோதிரத்தை நாட்டுக்கு ஈந்து இரும்பு மோதிரத்தை அணிந்த பெண்கள் பலர். அரசு கேட்டது, மக்கள் நம்பிக் கொடுத்தனர். பின்னர் நிகழ்ந்தவற்றை ஆராய்வோர் இதனை மறத்தலாகாது. அன்று மிகுதியாக நம்பியவர் எவரோ, அவரே பின்னர் மிகுதியாக இழந்தார்.

வீழ்ச்சியின் படிகள்

போரில் ஜேர்மனி தோற்றது. 1919இல் வேர்சாய் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1921 மே மாதத்தில் நேசநாடுகள் போர் இழப்பீட்டை 13,200 கோடிப் பொன்மார்க்கு என வரையறுத்தன. 1922 யூன் 24ஆந் திகதி வெளிநாட்டு அமைச்சர் வால்தர் இராத்தெனௌ பேர்ளின் நகரத் தெருவிலே கொலையுண்டார். அந்நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி வெளிநாட்டார் கொண்டிருந்த நம்பிக்கையும் அன்றே குலைந்தது. 1923 ஜனவரி 11ஆந் திகதி, இழப்பீட்டுப் பொருள்கள் உரியவாறு வந்து சேரவில்லை என்று கூறிப் பிரான்சியப் படையும் பெல்ஜியப் படையும் நிலக்கரி வளம் மிக்க ரூர்ப் பிரதேசத்தினுட் புகுந்தன. அதற்கு மாறாகப் பிரதமர் கூனோவின் அரசு ஒத்துழையாமையை மேற்கொண்டது. சுரங்கத்தாரும் புகையிரதத் தொழிலாளரும் வேலையை நிறுத்தினர். அவர்களுக்கு ஊதியம் கொடுக்கும் பொறுப்பை அரசே ஏற்றது. வருவாயோ இல்லை, அச்சு யந்திரம் ஒன்றே எஞ்சியிருந்தது.

டொலர் ஒன்றின் விலை எவ்வாறு ஏறிற்று என்பதைப் பின்வரும் மாதச் சராசரிகளாற் காண்க:

1920 ஜனவரி: ஏறத்தாழ 65 மார்க்கு
1922 ஜனவரி: ஏறத்தாழ 192 மார்க்கு
1922 யூலை: ஏறத்தாழ 493 மார்க்கு
1923 ஜனவரி: ஏறத்தாழ 18,000 மார்க்கு
1923 யூலை: ஏறத்தாழ 3,53,000 மார்க்கு
1923 ஓகஸ்ட்: ஏறத்தாழ 46 இலட்சம் மார்க்கு
1923 ஒக்டோபர்: ஏறத்தாழ 2,526 கோடி மார்க்கு

இறுதியாக, நவெம்பர் 20ஆந் திகதி டொலரின் விலை 4.2 இலட்சங் கோடி மார்க்கு என நின்றது. 1914ஆம் ஆண்டிலிருந்த அதே 4.2 என்னும் எண்தான். அதன் பின்னே பன்னிரண்டு தானங்கள் கூடியிருந்தன.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் இழப்பீடே என்று அக்கால ஜேர்மானியர் பெரும்பாலும் கருதினர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. பெருஞ்சுமையொன்று தலைமேலிருக்கையில் வரி செலுத்துவோர்க்கும் வரி விதிப்போர்க்கும் மனம் எழாது. ஆனால், அதுவே முழு உண்மையாகாது. போர்க் காலத்திலேயே கடனாலும் தாளாலும் வித்திடப்பட்டது. போருக்குப் பின் வந்த அரசுகள், வரியை உயர்த்தினாற் குடியரசு கவிழ்ந்துவிடும் என்றஞ்சின. 1922 யூலை வரை மத்திய வங்கியின் கழிவு வட்டி நூற்றுக்கு 5 ஆகவே இருந்தது. அவ்வட்டிக்குக் கடன் பெற்ற பெருந்தொழிலதிபர், பணம் தேய்ந்த பின்னர் அக்கடனைத் தேய்ந்த பணத்தினாலேயே தீர்த்தனர். ஏற்றுமதி பெருகிற்று; வேலையில்லாதோர் தொகையும் 1922இல் மிகக் குறைவாக இருந்தது. ஆதலின், தொடக்கத்திலே பணவீக்கத்தை நன்மையென்று வரவேற்றோரும் உளர். நஞ்சு முதலில் இனித்தது.

மத்திய வங்கியின் தலைவர் றூடோல்வ் ஹாவன்ஸ்ரைன் நேர்மையானவர், கடமையிற் குன்றாதவர். ஆயினும், நாணயத்தின் வீழ்ச்சிக்கு அயல்நாட்டுக் கொடுப்பனவுகளே காரணம் என்றும், விலைகள் ஏறும்போது மக்களுக்கு வேண்டிய தாளை அச்சிட்டுக் கொடுப்பதே தம் கடமை என்றும் அவர் உறுதியாகக் கருதினார். முப்பதுக்கு மேற்பட்ட கடதாசி ஆலைகளும் நூற்றுக்கு மேற்பட்ட அச்சகங்களும் இரவு பகலாக இயங்கின. நேரமும் மையும் போதாமையால் தாள்கள் பல ஒரு புறத்தில் மட்டுமே அச்சிடப்பட்டன. 1922இல் அச்சிட்ட ஆயிரம் மார்க்குத் தாளின்மேல் 100 கோடி எனச் செந்நிறத்திற் குறுக்கே பொறித்து வெளியிட்டனர். நல்ல மனமும் அயராத உழைப்பும் தவறான கொள்கையோடு சேரும்போது விளையும் கேட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

"கோடானு கோடி" என்று நாம் சொல்லும்போது அளவிறந்தது என்றே பொருள் கொள்கின்றோம். அதனை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜேர்மனியின் மத்திய வங்கி 1924 பெப்புருவரி 15ஆந் திகதியிட்டு வெளியிட்ட தாளொன்றன் பெறுமதி 100 இலட்சங் கோடி மார்க்கு. அது மிகச் சரியாக ஒரு கோடியைக் கோடியாற் பெருக்கிய தொகை. கவிதைக்குரிய எண் கணக்கேட்டிற் புகுந்துவிட்டது.

அன்றாட வாழ்வு

1922இன் இறுதியிற் பேர்ளினிலே ஏறத்தாழ 160 மார்க்குக்கு விற்ற பாண், அடுத்த ஆண்டின் இறுதியில் 20,000 கோடி மார்க்குக்கு விற்றது. முன்னர் மாதந்தோறும் பெற்ற ஊதியத்தை மக்கள் வாரந்தோறும் பெற்றனர். பின்னர் வாரத்தில் இருமுறையும் ஈற்றில் நாள்தோறும் பெற்றனர். மனைவியர் தொழிற்சாலை வாயிலிற் கூடையுடன் காத்துநின்று, கணவர் கொணர்ந்த தாள்களை எண்ணாமலே வாங்கிக்கொண்டு கடைகளுக்கு விரைந்தனர். நண்பகலிற் புதிய டொலர் விலை வெளியாகும். அதன் பின்னர் கடைக்காரன் விலையை மாற்றிவிடுவான். அதற்குமுன் வாங்கினால் உணவு. பின் வாங்கினால் அதிற் பாதி. சோம்பியவன் இழந்தான் என்பதன்று, சிக்கனமாயிருந்தவன் இழந்தான். நாளைக்கென்று இன்று ஒரு காசை மிச்சம் பிடித்தவன் அறிவிலியாகவும், கையிலுள்ளது முழுவதையும் அன்றே செலவிட்டவன் அறிவுடையோனாகவும் காணப்பட்டனர். எத்தனையோ தலைமுறைகளாக வீட்டிலும் பள்ளியிலும் கற்பித்த ஒழுக்கம் ஓராண்டிலே தலைகீழாயிற்று.

புத்தகக் கடையிலே நூல்களுக்கு அடிப்படை விலையொன்று குறித்தனர். புத்தக வணிகர் சங்கம் அவ்வப்போது அறிவித்த பெருக்கெண்ணால் அதனைப் பெருக்கியே விற்பனை விலை கண்டனர். கூட்டலையும் கழித்தலையும் பெருக்கல் விழுங்கியது. வங்கிகளில் எழுதுவினைஞர் தொகை பெருகிற்று. அவருட் பலர் சுழியங்களை எழுதுவதற்கென்றே அமர்த்தப்பட்டவர்போல் ஆயினர்.

மத்திய வங்கியின் தாள் போதாமையால் நகரசபைகளும் தொழிற்சாலைகளும் தாமே அவசரகாலப் பணம் வெளியிட்டன. பீலபெல்ட் நகரத்தார் பட்டுத் துணியில் அச்சிட்டனர். மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற மைசன் நகரிற் பீங்கானால் நாணயம் வார்த்தனர். நெடுந்தொலைவிலிருந்த அரசின் வாக்கினும் தம்மூர் நகரசபையின் வாக்கு மெய்யாகும் என்று மக்கள் ஓரளவு நம்பினர்.

1923இன் இலையுதிர் காலத்திலே விளைச்சல் குறைவாக இருக்கவில்லை. ஆனால், தானியத்தைக் கொடுத்துக் கடதாசியைப் பெற உழவர் விரும்பவில்லை. நகரத்தார் தம் வீட்டுக் கம்பளம், பட்டுத்துணி, கடிகாரம் முதலியவற்றைச் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்று உருளைக்கிழங்குக்கும் கொழுப்புக்கும் மாற்றினர். மருத்துவர் சிலர் தம் கூலியை முட்டையாகவும் வெண்ணெயாகவும் பெற்றனர். களஞ்சியம் நிறைந்திருக்க நகரம் பசித்தது. சிறுவரிடையே ஊட்டக்குறைவும் காசநோயும் பெருகின. கேதே கொல்விற்ஸ் என்னும் ஓவியப் பெண்மணி, வெறுங்கிண்ணங்களை உயர்த்தி நிற்கும் குழந்தைகளை வரைந்து, ஜேர்மனியின் பிள்ளைகள் பசித்திருக்கின்றனர் என்னும் பொருள்பட அப்படத்துக்குத் தலைப்பிட்டார். அவ்வாண்டுகளைப் பற்றிய புள்ளிவிவரங்கள் யாவும் மறந்தாலும் அப்படம் மறவாது.

பசியோடு வெறுப்பும் வளர்ந்தது. நவெம்பர் 5ஆந் திகதி பேர்ளினில் வேலையற்றோர்க்குரிய உதவிப் பணம் இல்லையென்று அறிவிக்கப்பட்டது. அப்பணத்தை யூத வணிகர் வாங்கிவிட்டனர் என்ற வதந்தி பரவ, ஏழை யூதர் வாழ்ந்த பகுதியிலே கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. தமக்கு நேர்ந்த கேட்டின் காரணம் விளங்காதவர்க்கு எவரேனும் ஒரு பகைவரைச் சுட்டிக்காட்டுதல் எளிது. மூன்று நாட்களின் பின் மூனிச் நகரில் ஹிற்லர் தன் கூட்டத்தோடு ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றான்.

இழந்தோரும் பெற்றோரும்

பணவீக்கம் எல்லோரையும் ஒருபடித்தாகத் தாக்கும் புயலன்று. அது ஒருவர் பொருளை மற்றொருவர்க்கு ஓசையின்றிக் கைமாற்றும். வீட்டையும் நிலத்தையும் ஆலையையும் உடையோர் தப்பினர். கடன்பட்டோர் விடுதலை பெற்றனர். நிலத்தை ஈடுவைத்த உழவன் ஒரு கூடை கிழங்கின் விலையால் அவ்வீட்டை மீட்டான். எல்லாரினும் பெரிய கடனாளி அரசே. அதன் உள்நாட்டுப் போர்க்கடன் 15,400 கோடி மார்க்கு. 1923 நவெம்பரில் அக்கடன் முழுவதன் பெறுமதியும் 1914ஆம் ஆண்டுக் காசில் 15.4 பெனிக்கு மட்டுமே. நூறு பெனிக்கு ஒரு மார்க்கு என்பதை நினைவிற் கொண்டால், நாடு முழுவதும் நம்பிக் கொடுத்த பொருள் என்னவாயிற்று என்பது விளங்கும்.

மறுபுறத்தை ஒரு கணக்கினாற் காட்டுவேன். முப்பது ஆண்டு பணியாற்றி, 1914க்கு முன்னர் 10,000 மார்க்குச் சேமித்த ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்க. அன்று அது மதிக்கத்தக்க தொகை. 1923இன் இறுதியில் ஒரு பாணின் விலை 20,000 கோடி மார்க்கு ஆதலின், அவர் வாழ்நாட் சேமிப்பு முழுவதும் ஒரு பாணை இரண்டு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கே ஈடாகும். கண்ணுக்குத் தெரியாத அத்துகளே அவர் முப்பது ஆண்டு விடியற்காலையில் எழுந்து, சுண்ணக்கட்டி பிடித்து, வேண்டியதை வேண்டாமென்று ஒறுத்து ஈட்டிய பயன். வங்கி அவரை ஏமாற்றவில்லை. வங்கிப் புத்தகத்தில் 10,000 என்னும் எண் அழியாமலே இருந்தது. அந்த எண்ணின் பொருள்தான் அழிந்தது.

இத்தகையோர் பொருளை மட்டும் இழக்கவில்லை. உழைத்தால் உயரலாம், சேமித்தால் முதுமையிற் பிறர் கையை எதிர்பாராது வாழலாம் என்னும் உலக நியதியையே இழந்தனர். சட்டமும் அவர்களைக் கைவிட்டது. ஒரு மார்க்கு எக்காலத்தும் ஒரு மார்க்கே என்று நீதிமன்றங்கள் கூறிவந்தன. 1923 நவெம்பர் 28ஆந் திகதி வழங்கிய தீர்ப்பிலேதான், தேய்ந்த தாளைக் கொடுத்து ஈட்டுக்கடனைத் தீர்த்தல் நீதியாகாதென உயர்நீதிமன்றம் கூறிற்று. 1925இல் இயற்றிய சட்டத்தின்படி ஈட்டுக்கடன் கொடுத்தோர்க்கு நூற்றுக்கு 25 வீதமும் போர்க்கடன் கொடுத்தோர்க்கு நூற்றுக்கு 2.5 வீதமுமே மீளக் கிடைத்தன.

நம்பிக்கையின் ஊற்றுக்கள்

இனி, இத்தகைய காலத்தில் மக்கள் எவ்வாறு நம்பி வாழ்ந்தனர் என்பதைக் காண்போம். அரசு கொடுத்த வாக்கு பொய்த்தபோது, மனிதர் ஒருவர்க்கொருவர் கொடுத்த வாக்கே எஞ்சி நின்றது.

நகரங்களின் புறத்தே சிறு தோட்டத் துண்டுகளை வாடகைக்குப் பெற்றுப் பயிர் செய்யும் வழக்கம் அந்நாட்டிற் பழையது. 1919இல் இயற்றிய சட்டமொன்று அத்தோட்டக்காரர்க்குக் காப்பளித்தது. பணவீக்கக் காலத்தில் இத்தோட்டங்களே எத்தனையோ தொழிலாளர் குடும்பங்களின் மெய்யான வங்கியாயின. அங்கே இட்ட கிழங்கு தேயவில்லை, பெருகிற்று.

போரிற் பகைவராயிருந்த நாடுகளிலிருந்தும் உதவி வந்தது. அமெரிக்காவின் குவேக்கர் சமயத்தார் 1920ஆம் ஆண்டு தொடக்கம் ஜேர்மானியப் பாடசாலைச் சிறுவர்க்கு உணவளித்தனர். அப்பணி உச்சநிலையில் நின்ற காலத்து நாள்தோறும் ஏறத்தாழப் பத்து இலட்சம் பிள்ளைகள் அவ்வுணவை உண்டனர். பள்ளிக்கூடத்திலே தகரக் குவளையில் வார்த்த சூடான கஞ்சியை, முதியவராகிய பின்னரும் நன்றியோடு நினைவு கூர்ந்தோர் பலர்.

கல்வியும் நின்றுவிடவில்லை. 1920 ஒக்டோபரிலே பிறிற்ஸ் ஹேபர், சிமித்-ஒட் முதலியோர் முயற்சியால் ஜேர்மானிய அறிவியலுக்கான அவசர உதவிக் கழகம் தோன்றிற்று. ஆய்வுக் கருவிக்கும் வெளிநாட்டு நூலுக்கும் பணமற்றிருந்த அறிஞரை அது தாங்கியது. மாணவர்கள் 1921இல் பொருளாதார உதவி அமைப்பொன்றை நிறுவிப் பொது உணவுச்சாலைகளை நடத்தினர். தந்தையின் சேமிப்பு அழிந்துபோன மாணவர் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் கூலிவேலை செய்துகொண்டே பயின்றனர். உழைக்கும் மாணவர் என்னும் பெயர் அக்காலத்திலே பெருமைக்குரியதாயிற்று. வேர்னர் ஹைசன்பேர்க் என்னும் இளைஞர் மூனிச் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றது 1923ஆம் ஆண்டிலேதான். இரண்டாண்டுகளில் அவர் பௌதிகவியலின் போக்கையே மாற்றினார். விலைவாசி அட்டவணையை மட்டும் படிப்போர் அவ்வாண்டைப் பாழ் என்பர். அறிவியல் வரலாற்றைப் படிப்போர் அங்ஙனம் கூறார்.

தூரிங்கிய மாநில அரசு 1923இல் அவசரகாலத் தாள் வெளியிட வேண்டியபோது, வைமார் நகரிலிருந்த பௌஹௌஸ் கலைக்கூடத்தின் மாணவர் ஹேபேர்ட் பாயரிடம் அதனை வரையும் பணியை ஒப்படைத்தது. அவர்க்கு வயது இருபத்துமூன்று. சில நாட்களிற் குப்பையாகப்போகும் தாளென்று அறிந்தும், அவர் அதனைத் தெளிவாகவும் அழகாகவும் அமைத்தார். அத்தாள்களின் பெறுமதி போயிற்று, அழகு போகவில்லை. இன்று அவை அருங்காட்சியகங்களில் உள்ளன.

இன்னொரு செய்தியும் கூறத்தக்கது. பணவீக்கம் உச்சத்தை எட்டிக்கொண்டிருந்த 1923 ஒக்டோபர் 29ஆந் திகதி, பேர்ளினிலே வானொலி ஒலிபரப்பு முதன்முதலாகத் தொடங்கிற்று. வானொலி கேட்பதற்குரிய முதல் அநுமதிக்குச் செலுத்திய கட்டணம் 35,000 கோடி மார்க்கு. பாணுக்கே பணம் போதாத அந்நாளிலும், நாளை மாலை இசை ஒலிக்கும் என்று நம்பி ஒருவர் அக்கட்டணத்தைச் செலுத்தினார். நம்பிக்கை என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு செயலாகவே வரலாற்றிற் காணப்படுகின்றது.

தாளுக்கு மீண்டும் உயிர்

1923 செப்டெம்பர் 26ஆந் திகதி புதிய பிரதமர் குஸ்தாவ் ஸ்திரேசமன், ரூர் ஒத்துழையாமையை நிறுத்துவதாக அறிவித்தார். நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்று அவரைப் பலர் தூற்றினர். ஆயினும் வேறு வழியில்லை. ஒக்டோபர் 15ஆந் திகதிய ஆணையினால் றென்ரன் வங்கி அமைக்கப்பட்டது. நவெம்பர் 15ஆந் திகதி றென்ரன்மார்க்கு என்னும் புதிய தாள் வெளிவந்தது. நாட்டின் விளைநிலங்கள்மீதும் தொழில் நிறுவனங்கள்மீதும் இட்ட ஈட்டுக்கடனே அதற்கு ஆதாரமென்று கூறப்பட்டது. ஒரு றென்ரன்மார்க்கு ஓர் இலட்சங் கோடிப் பழைய மார்க்குக்கு ஈடு.

ஊன்றி நோக்கின், அவ்வாதாரத்தைக் கையிற் பெற எவராலும் இயலாது. தாளைக் கொடுத்து ஓர் ஏக்கர் நிலம் கேட்பார் இல்லை. அத்தாளை நிலைநிறுத்தியது நிலமன்று, வரம்பு. 240 கோடிக்கு மேல் வெளியிடலாகாதென்று சட்டம் வரையறுத்தது. அரசின் உண்டியல்களுக்குத் தாள் அச்சிட்டுக் கொடுப்பதை மத்திய வங்கி நிறுத்திற்று. நாணய ஆணையாளராக அமர்ந்த யால்மார் ஷாக்து வரம்பு மீறிக் கேட்டவர்க்கு மறுத்தார். நிதியமைச்சர் ஹான்ஸ் லூதர் செலவைக் குறைத்தார். அரசாங்க ஊழியர் பெருந்தொகையினர் வேலையிழந்தனர். 1923 டிசெம்பரில் தொழிற்சங்க உறுப்பினருள் நான்கில் ஒருவர்க்கு மேற்பட்டோர் வேலையற்றிருந்தனர். நோய் நீங்கிற்று, மருந்தின் கசப்பு எளியோர் நாவிலேயே மிகுதியாக வீழ்ந்தது. 1924இல் டோஸ் திட்டம் இழப்பீட்டுச் சுமையை இலகுவாக்கிற்று. டொலரின் விலை நிலைபெற்ற நவெம்பர் 20ஆந் திகதியே ஹாவன்ஸ்ரைன் காலமானார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வரலாறு கற்பிப்பது யாது?

பணவீக்கமே ஹிற்லரை ஆட்சியில் ஏற்றியது என்று கூறுவோர் உளர். ஆண்டுகளை நிரல்பட வைத்து நோக்கின், இக்கூற்று அவ்வளவில் நில்லாது. 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் அவன் கட்சி பெற்றது நூற்றுக்கு 2.6 வாக்குகளே. உலகப் பொருளாதார மந்தம் தாக்கிய பின்னர், 1930இல் அது நூற்றுக்கு 18.3 ஆயிற்று, 1932 யூலையில் நூற்றுக்கு 37க்கு மேலாயிற்று. அப்போது நிலவியது பணவீக்கமன்று. பணச் சுருக்கமும் வேலையின்மையும். ஆயின், இரண்டுக்கும் தொடர்பேயில்லை என்று கூறுதலும் தவறு. முதலாவதாக, 1923இற் சேமிப்பை இழந்தோர் குடியரசை மன்னிக்கவில்லை. 1926இல் அவர் தமக்கெனத் தனிக் கட்சியே அமைத்தனர். பழைய கட்சிகளை விட்டு விலகி அலைந்த அவ்வாக்குகளிற் பல பின்னர் ஹிற்லர்பாற் சென்றன. இரண்டாவதாக, மந்தம் வந்தபோது அரசினர் மீண்டும் பணவீக்கம் நேருமோ என்றஞ்சிச் செலவையும் ஊதியத்தையும் மேன்மேலும் குறைத்தனர். முன்னர் வந்த காய்ச்சலுக்கு அஞ்சிய மருத்துவன் பின்னர் வந்த மெலிவுக்கும் பட்டினியையே விதித்தான். பழைய துன்பத்தின் நினைவு நல்ல ஆசான். ஆனால் அது கற்பித்த பாடத்தை எக்காலத்துக்கும் எந்நிலைக்கும் பொருத்துதல் கேடாகும்.

ஆகவே, 1923ஆம் ஆண்டு நமக்குக் கற்பிப்பது அச்சு யந்திரத்தைப் பற்றிய எச்சரிக்கை மட்டுமன்று. அரசுக்கும் குடிகளுக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கையொன்று உண்டு. இன்று உழைப்பவன் நாளைக்கென்று ஒதுக்கி வைப்பதை நான் காப்பேன் என்பதே அது. பணத்தாள் அவ்வுடன்படிக்கையின் சீட்டு. அது கிழியும்போது பசி வருகின்றது. பசியோடு பொய்யும் வெறுப்பும் வருகின்றன. அந்நிலையிலும் கிழங்கு நட்டவரும், பகைவர் பிள்ளைக்குக் கஞ்சி வார்த்தவரும், கூலிவேலை செய்து கற்றவரும் இருந்தனர் என்பதும் வரலாறே. சான்றோர் சொல்லும் மன உறுதி என்பது இன்னல் வாராதென்று நம்புவதன்று. இன்னலின் நடுவிலும் அடுத்தவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது.

முத்திரை ஏட்டை மாணவனிடம் திருப்பிக் கொடுத்தபோது, அவன் 5,000 கோடி மார்க்கு முத்திரையைச் சுட்டி, "இதன் விலை இப்போது எவ்வளவு, ஐயா?" என்று கேட்டான். அப்பெறுமதிக்கு இன்று யாரும் ஒரு கடிதம் கொண்டு செல்லார். ஆயினும் அதனைப் பேணி வைக்கும்படி கூறினேன். அம்முத்திரைகளை ஒட்டி அனுப்பிய கடிதங்களில் மக்கள் எதனை எழுதியிருப்பர்? உறவினரின் நலம் விசாரித்திருப்பர். பிள்ளையின் படிப்பைப் பற்றியும் வரும் விளைச்சலைப் பற்றியும் எழுதியிருப்பர். கோடிக்கணக்கிற் கொடுத்தும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டுமென்று கருதியவர், நாளை அதனைப் படிப்பதற்கு ஒருவர் இருப்பார் என்று நம்பியவரன்றோ!